சென்னை டிப்ளமாவா, கோவை ஞாயிறு வகுப்பா? திருப்பூர் வாசகிக்கு ஒரு பதில்

கடிதச் சுருக்கம்

கடிதம் எழுதியவர் திருப்பூர் வாசகி, வயது 29. பி.காம். முடித்துவிட்டு ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக மெர்ச்சன்டைசராக இருக்கிறார். மாதச் சம்பளம் 24,000 ரூபாய், சேமிப்பு 1,20,000. கணவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். நான்கு வயதில் ஒரு மகள். கையில் இருப்பது கேனன் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும். உறவினர் வீட்டு வளைகாப்பு, காதுகுத்துகளில் எடுத்த படங்களைப் பார்த்துப் பலரும் பாராட்ட, வேலையை விட்டுவிட்டு முழுநேரப் போட்டோகிராபர் ஆகலாமா என்று யோசிக்கிறார்.

அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, சென்னையில் ஓர் அகாடமியின் பத்து மாத முழுநேர டிப்ளமா: கட்டணம் 1,85,000 ரூபாய், ஹாஸ்டலும் சாப்பாடும் மாதம் 9,000. "அரசு அங்கீகாரம், 100 சதவீத வேலை உறுதி, டிரோன் சான்றிதழ், வட்டியில்லாத் தவணை" என்கிறது விளம்பரம். இடம் போய்விடும் என்றதால் 5,000 முன்பணம் கட்டிவிட்டார். இரண்டாவது, கோவையில் 12 ஞாயிற்றுக்கிழமைகள் நடக்கும் வகுப்பு, 28,000. மூன்றாவது, பிரபல கல்யாணப் போட்டோகிராபர் ஒருவரின் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், 12,000. நான்காவது, ஆன்லைன் வீடியோ வகுப்புகள். "யூடியூப்ல இல்லாததா? இதுக்குப் போய் லட்ச ரூபாயா?" என்பது கணவரின் கேள்வி. "கல்யாணத்தில்தான் காசு என்கிறார்கள். எந்தக் கோர்ஸ் சேர்ந்தால் நான் பிழைத்துக்கொள்வேன்? முதலில் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்க வேண்டுமா? 29 வயது தாமதமா?" என்பவை இவருடைய கேள்விகள்.

பதில்

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாமதமில்லை. ஆர்டர் கொடுப்பவர் யாரும் உங்கள் பிறந்த தேதியைக் கேட்கப்போவதில்லை.

கடிதத்தில் நான்கு கோர்ஸ்களின் விவரத்தையும் நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து உங்கள் பில்லுக்குப் பணம் தரப்போவது யார் என்று ஓரிடத்திலும் இல்லை. கோர்ஸ் தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கல்யாண வீட்டார் பணம் தருவதென்றால் கற்க வேண்டியது ஒன்று, பத்திரிகை தருவதென்றால் வேறொன்று, ஆடை பிராண்டு தருவதென்றால் முற்றிலும் வேறு. 'போட்டோகிராபி கோர்ஸ்' என்ற ஒரே பெயரில் எல்லாம் விற்கப்படுவதால் ஒன்றுக்கொன்று மாற்று போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அதற்கான விடை உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் வந்திருக்கிறது: "எங்கள் கம்பெனி தொடங்கிய ஆன்லைன் பிராண்டுக்குப் படமெடுக்க கோவையிலிருந்து ஒருவர் வருவார். நிறம் தப்பாக இருந்தால் நான்தான் பிடித்துச் சொல்வேன்." நீங்கள் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி இதுதான். லேப் டிப் (சாயம் போட்ட சிறு மாதிரித் துணி) பார்த்து ஷேடு சரியா என்று சொல்வதும், நிறம் சோதிக்கும் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) என்று விளக்கை மாற்றி மாற்றி ஒரே துணி எப்படி நிறம் மாறுகிறது என்று கவனிப்பதும் உங்களுக்கு அன்றாட வேலை. டிப்ளமா முடித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் துணிப் படம் எடுத்துத் திட்டு வாங்கிய பிறகுதான் கற்கிறார்கள். வாங்குபவர் திரையில் பார்த்த மெரூன் கைக்கு வரும்போது பிரவுனாக இருந்தால் பொருள் திரும்பி வரும், நஷ்டம் பிராண்டுக்கு. நீங்கள் இருப்பதோ ஆயிரக்கணக்கில் பின்னலாடை நிறுவனங்கள் இருக்கும் ஊர். அதனால் உங்களுக்குப் பொருத்தமான இலக்கு ஆடை மற்றும் பொருள் போட்டோகிராபி என்று நினைக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் இந்த அடிப்படையில்தான். மனம் கல்யாணத்தில்தான் இருக்கிறது என்றால், அதற்கும் கடைசிக்கு முன் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

டிப்ளமாவின் உண்மையான விலை

1,85,000 என்று நினைக்கிறீர்கள். ஹாஸ்டல் பத்து மாதத்துக்கு 90,000. வேலையை விடுவதால் போகும் சம்பளம் 2,40,000. ஆக 5,15,000. கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா? ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் தனியார் பயிற்சி மையங்கள் 18 சதவீதம் வசூலிக்க வேண்டும். "கூடுதல்" என்று சொன்னால் இன்னும் 33,300 ரூபாய். மகளைப் பத்து மாதம் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவதற்கு நான் கணக்குப் போட முடியாது. அது உங்கள் வீட்டு முடிவு.

"வட்டியில்லாத் தவணை" என்பதை அகாடமி உங்களுக்குத் தரும் சலுகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் வழக்கமாக நடப்பது வேறு. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, பணத்தை மொத்தமாக அகாடமிக்குக் கொடுத்துவிடும். அதன்பின், 12 தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் 15,400 சொச்சம் நீங்கள் கட்ட வேண்டியது நிதி நிறுவனத்துக்கு. மூன்றாவது மாதம் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கோர்ஸை விட்டு வந்தாலும், ஆசிரியர் பாதியில் போய்விட்டாலும், தவணை நிற்காது. கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் குறையும், பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். கையெழுத்துப் போடும் முன் கடனின் முக்கிய விவரப் பத்திரத்தைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதைத் தந்தாக வேண்டும். பிராசஸிங் கட்டணம், அபராதம், மொத்த ஆண்டுச் செலவு விகிதம் எல்லாம் அதில் இருக்கும். 'வட்டியில்லா' கடனில் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று அங்கே பார்த்தால் போதும்.

இதை வங்கிகளின் கல்விக் கடனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்பு முடிந்து சில காலம் கழித்தே தவணை தொடங்கும். ஆனால் அது அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு. இந்த அகாடமியின் டிப்ளமாவுக்குக் கல்விக் கடன் தருவார்களா என்று உங்கள் வங்கிக் கிளையில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலே அடுத்த விஷயத்துக்கும் பாதி விடை.

"அரசு அங்கீகாரம்" என்றால் எது?

நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளின் அடியில் இரண்டு முத்திரைகள் தெரிகின்றன: ஒன்று எம்எஸ்எம்இ (சிறு, நடுத்தரத் தொழில் பதிவு), இன்னொன்று ஐஎஸ்ஓ 9001. இரண்டுமே படிப்புக்கான அங்கீகாரம் இல்லை. எம்எஸ்எம்இ என்பது உத்யம் தளத்தில் எந்தச் சிறுதொழிலும் இலவசமாகச் செய்துகொள்ளும் பதிவு. நாளை நீங்கள் ஸ்டுடியோ தொடங்கினால் உங்களுக்கும் கிடைக்கும். ஐஎஸ்ஓ 9001 நிர்வாக நடைமுறை பற்றியது, பாடத்தின் தரம் பற்றியது அல்ல. பட்டம் தரும் உரிமை, பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-இன் 22-ஆம் பிரிவுப்படி, பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. தொழிற்பயிற்சி என்றால் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் எந்த நிலை, சான்று வழங்கும் அமைப்பு எது என்று கேட்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அங்கீகாரம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கீகாரம் இல்லாததாலேயே ஒரு கோர்ஸ் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் சான்றிதழைக் கேட்பவர்கள் குறைவு: அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் வேலை, வெளிநாட்டு மேற்படிப்பு. பிராண்டுக்காரர் உங்கள் படங்களைத்தான் பார்ப்பார். இல்லாத அங்கீகாரத்தைச் சொல்லி விற்பவர், மற்ற வாக்குறுதிகளில் எப்படி இருப்பார் என்பதுதான் என் கவலை. "100 சதவீத வேலை உறுதி" என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்: என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று. பெரும்பாலும் அது "வேலை தேட உதவி" என்று சுருங்கிவிடும்.

டிரோன் சான்றிதழிலும் கவனம் தேவை. டிரோன் விதிகள் 2021-இன்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்று வேண்டும். அதற்கான பயிற்சியை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதித்த பயிற்சி மையங்களே தர முடியும். அகாடமி மொட்டைமாடியில் ஒரு நாள் பறக்கவிட்டுக் காட்டிக் கொடுக்கும் தாள் அதற்கு ஈடாகாது. துணிப் படத்துக்கு டிரோனும் தேவையில்லை.

முறையாக நீண்ட காலம் படிக்க வழியுள்ளவர்களுக்கு நல்ல இடங்கள் உண்டு. ஊட்டியில் 2001-இல் தொடங்கப்பட்ட லைட் அண்ட் லைஃப் அகாடமி விளம்பரத் துறைத் தரத்தில் முழுநேரப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் போட்டோகிராபியில் முதுகலை இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே இருப்பது திரைப்பட ஒளிப்பதிவுக்கான நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. மூன்றும் உங்கள் இப்போதைய சூழலுக்கு ஒத்துவராது.

கோவை வகுப்பு: சேரலாம், ஆனால் கேட்டுவிட்டு

நான்கில் நான் தேர்ந்தெடுப்பது இதை. காரணம் விலை மட்டுமல்ல. வேலையை விடாமல், ஞாயிறு காலை ரயிலேறிப் போய், மாலை மகளிடம் திரும்பிவிடலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தில் ஓட்டை இருக்கிறது. கேமரா அடிப்படை நான்கு வாரம், காம்போசிஷன் இரண்டு, போர்ட்ரெய்ட் இரண்டு, ஸ்டுடியோ லைட்டிங் இரண்டு, வெளிப்புறம் ஒன்று, லைட்ரூம் ஒன்று. வகுப்பு ஐந்து மணி நேரம் என்றால் லைட்டிங்குக்கு மொத்தம் பத்து மணி நேரம். பேட்ச்சில் 16 பேர், ஒரே ஒரு லைட் செட் என்று எழுதியிருக்கிறீர்கள். 600 நிமிடத்தை 16-ஆல் வகுத்தால் ஆளுக்கு 37 நிமிடம் வரும். ஆசிரியர் விளக்கும் நேரத்தைக் கழித்தால் விளக்கில் நீங்கள் கைவைப்பது கால் மணி நேரமோ இருபது நிமிடமோதான். உங்களுக்குத் தேவைப்படுவதோ அந்த ஒன்றுதான்.

அதனால் பணம் கட்டும் முன் அவர்களிடம் பேரம் பேசுங்கள், கட்டணத்தில் அல்ல, நேரத்தில். முதல் நான்கு வாரத்தில் வரும் அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எஃப் எண்ணில் சொல்வது), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், முத்திரையில் இருந்த ஐஎஸ்ஓ வேறு) பாடங்களை யூடியூபில் கற்றுக்கொள்ள முடியும். உங்கள் கணவர் சொல்வது இந்தப் பகுதியில் முழுக்கச் சரி. அந்த நான்கு வகுப்புகளுக்குப் பதிலாக அடுத்த பேட்ச்சின் லைட்டிங் வகுப்புகளிலும் உட்கார அனுமதி கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டுடியோவை வார நாளில் இரண்டு மணி நேரம் வாடகையின்றிப் பயன்படுத்தக் கேளுங்கள். சிறிய பயிற்சி மையங்கள் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்வதுண்டு.

இன்னும் சில கேள்விகள்:

*பாடம் எடுப்பது யார்?* விளம்பரத்தில் இருப்பவரா, அவருடைய உதவியாளரா? அவர் பொருள் போட்டோகிராபியில் இப்போது சம்பாதிக்கிறாரா? கல்யாணத்தில் கைதேர்ந்தவருக்கு வெள்ளைப் பின்னணியில் வெள்ளை டி-ஷர்ட்டின் ஓரம் மறையாமல் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

*மாணவர் படங்களைக் காட்டுவார்களா?* போன பேட்ச்சின் சிறந்த படத்தைக் காட்டுவார்கள். நீங்கள் சுமாரான மாணவர் ஒருவரின் முதல் வாரப் படத்தையும் கடைசி வாரப் படத்தையும் கேளுங்கள். இடையிலுள்ள வித்தியாசம்தான் கோர்ஸ். பல மாணவர்களின் தொகுப்பில் ஒரே மாடல், ஒரே வெளிச்சம், ஒரே கோணம் இருந்தால், ஆசிரியர் செட் போட்டுக் கொடுத்துப் பிள்ளைகள் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

*படத்தைத் திருத்திச் சொல்வார்களா?* ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடப் படத்தைத் திரையில் போட்டு எங்கே தவறு என்று சொல்லும் வழக்கம் இருக்க வேண்டும். யூடியூபால் தர முடியாதது இது ஒன்றுதான். 28,000 ரூபாயில் பெரும்பகுதியை இதற்காகத்தான் கொடுக்கிறீர்கள்.

*பாதியில் நின்றால்?* பணம் திரும்பும் விதி எழுத்தில் வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் "மாணவர் எடுக்கும் படங்களின் உரிமை நிறுவனத்துக்கு" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி படம் எடுத்தவரே அதன் ஆசிரியர், கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவருக்கே முதல் உரிமை. ஆனால் உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் அது செல்லும். படிவத்தில் போடும் கையெழுத்தே அந்த எழுத்தாகிவிடலாம்.

இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பத்து கல்யாணம் எடுத்தவருக்கு அது பயன்படும். தொடக்கக்காரர் கையில் மிஞ்சுவது, கூட வந்த முப்பது பேரிடமும் இருக்கும் அதே பத்துப் படங்கள். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி என்ற ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் போட்டோ, வீடியோ பயிற்சி ஒரு மாத அளவில், சாப்பாட்டோடு, கட்டணமே இல்லாமல் நடப்பதுண்டு. வார நாட்களில், முழுநாள். ஊரகப் பகுதியினருக்கே முன்னுரிமை. உங்களுக்கு லீவு கிடைக்காது, ஆனால் இதே கேள்வியோடு இதைப் படிக்கிறவர்கள் விசாரிக்கலாம்.

கேமரா வாங்காதீர்கள்

ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் கொண்ட கேமரா பற்றிய எண்ணம் கல்யாணப் போட்டோகிராபர்களிடமிருந்து உங்களுக்குத் தொற்றியிருக்கிறது. மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போகிறவர்களுக்குப் பெரிய சென்சார் வேண்டும், எஃப்1.8 போல அகலமாகத் திறக்கும் லென்ஸும் வேண்டும். துணிப் படம் எடுப்பது ஐஎஸ்ஓ 100-இல், எஃப்8 அல்லது எஃப்11-இல். அந்த அளவில் உங்கள் 18-55 லென்ஸே போதிய கூர்மை தரும். 1500டி தருவது 24 மெகாபிக்சல், அகலம் 6000 பிக்சல். ஆன்லைன் தளத்துக்கு 2000 பிக்சல் நீளமே தாராளம்.

இடத்தைத்தான் அளந்து பார்க்க வேண்டும். மாடலை நிற்க வைத்து முழு உயரத்துக்கு எடுக்க, மேலும் கீழும் இடம் விட்டு இரண்டு மீட்டர் ஃபிரேமுக்குள் வர வேண்டும். உங்கள் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 35 எம்.எம்.மில் வைத்தால் சுமார் 3.1 மீட்டர் தூரம் தேவை, 50 எம்.எம். என்றால் 4.5 மீட்டர். மாடலுக்குப் பின்னால் நிழல் விழாமலிருக்க இன்னும் ஒன்றரை மீட்டர். பத்தடி அறையில் 18 எம்.எம்.மில் நெருங்கி நின்று எடுத்தால் கால் குட்டையாகவும் தோள் பெரிதாகவும் தெரியும். அப்போது லென்ஸைக் குறை சொல்வோம், குறை அறையில்.

பணம் போட வேண்டியது விளக்கில்: இரண்டு ஃபிளாஷ், இரண்டு சாஃப்ட்பாக்ஸ், கேமராவிலிருந்து ஃபிளாஷை அடிக்க வைக்கும் ஒரு டிரிக்கர், உறுதியான டிரைபாட், நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டையான ஒரு கிரே கார்டு. டிரிக்கர் வாங்கும் முன் கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட்ஷூவைப் பாருங்கள். நடுவில் பெரிய உலோகப் புள்ளி இருக்க வேண்டும். கேனனின் தொடக்கநிலை மாடல்கள் சிலவற்றில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள், 1500டி-யும் அந்த வரிசையில் வருவது. புள்ளி இல்லாவிட்டால் மலிவான சாதாரண டிரிக்கர் வேலை செய்யாது. கேமராவையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டி, ஃபிளாஷ் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஷட்டர் 1/200-ஐத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். அதைக் கண்டு கேமரா ரிப்பேர் என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு.

எங்கும் சேரும் முன் மூன்று ஞாயிறு

இந்த வேலை பிடிக்குமா என்று தெரியாமல் 28,000 கூடச் செலவழிக்க வேண்டாம். காதர்பேட்டையில் மூன்று டி-ஷர்ட் வாங்குங்கள்: வெள்ளை, கறுப்பு, நல்ல சிவப்பு. கம்பெனி சாம்பிளைத் தொடாதீர்கள். வெளிவராத பையர் (வாங்கும் நிறுவனத்தின்) டிசைனை உங்கள் தொகுப்பில் போட்டால் வேலையும் போகும், வழக்கும் வரலாம்.

நேர்வெயில் விழாத ஜன்னல் ஓரம் மேசை போடுங்கள். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் துணியின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையும் ஏறும், எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. டிரைபாட், ராஃபைல் (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு), எஃப்8, இரண்டு நொடி டைமர். முதல் படத்தில் கிரே கார்டை வைத்து எடுத்து, அதிலிருந்து ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கேற்ற நிறச் சமன்) எடுங்கள்.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் வெள்ளை அழுக்காகத் தெரியும். கேமராவின் எக்ஸ்போஷர் அளவை பிளஸ் 1 முதல் 1⅔ வரை கூட்டுங்கள். கறுப்பு வெளுக்கும், மைனஸ் 1 குறையுங்கள். சிவப்பில் சாதாரண ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டி நிற்கும், நூல்தடம் தெரியாமல் சிவப்பு மெழுகுபோல் ஆகிவிடும். வெள்ளைத் துணியில் ஆப்டிக்கல் பிரைட்னர் (வெண்மையைக் கூட்டிக் காட்டும் ரசாயனம்) இருந்தால் ஃபிளாஷில் லேசான நீலம் ஏறும். லைட் பாக்ஸில் யூவி விளக்கைப் போட்டால் பளீரென்று மின்னுமே, அதே காரணம்தான்.

அடுத்த ஞாயிறு அதே மூன்றையும் மேனிக்வினில் (துணிக்கடைப் பொம்மையில்) மாட்டி எடுங்கள். பின் கழுத்தின் உட்புறத்தைத் தனியாக ஒரு படம் எடுத்து, கணினியில் இரண்டையும் சேர்த்து மேனிக்வினை மறையச் செய்யுங்கள். அமேசான் தளத்தின் முதல் படத்துக்கான விதியை இலக்காக வையுங்கள்: பின்னணி தூய வெள்ளை, ஆர்ஜிபி மூன்றும் 255, ஃபிரேமில் 85 சதவீதம் பொருள் நிறைய வேண்டும். மூன்றாம் ஞாயிறு, எல்லாவற்றையும் திரும்ப எடுங்கள், ஆனால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள். அயர்ன் செய்யும் நேரமும் அதில் அடக்கம். இந்தத் தொழிலில் பாதி நேரம் ஸ்டீம் அயர்னோடுதான் போகும், எந்தக் கோர்ஸ் விளம்பரத்திலும் அந்தப் படம் இருக்காது.

மூன்றாவது ஞாயிறு அலுப்பாக இருந்தால் அதையும் மதியுங்கள். ஒரே மாதிரி நாற்பது சட்டையை நாள் முழுக்க எடுக்க எல்லோருக்கும் பிடிக்காது. பிடித்திருந்தால் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு கோவை வகுப்புக்குப் போங்கள். உங்கள் கேள்விகளே வேறாக இருக்கும்.

கல்யாணம்தான் என்றால்

அதற்கு வழி கோர்ஸை விட உதவியாளர் வேலை. ஒரு குழுவோடு ஒரு சீசன் போனால் டிரெடிஷனல் (நிற்க வைத்து எடுப்பது), காண்டிட் (இயல்பாக நடக்கும்போது எடுப்பது), ஆல்பம் டிசைன் மூன்றில் எது உங்களுக்கு வரும் என்று தெரிந்துவிடும். மணப்பெண் அறையில் மேக்கப் நேரத்துப் படங்களுக்குப் பெண் போட்டோகிராபரைக் கேட்கும் குடும்பங்கள் உண்டு, அது உங்களுக்குச் சாதகம். மாலை ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்று இரண்டு நாள் தூக்கம் போகும். வைகாசியிலும் ஆவணியிலும் ஓட்டம், ஆடியிலும் மார்கழியிலும் கை காலி. உங்கள் 1500டி-யில் ஒரு மெமரி கார்டுக்குத்தான் இடம். கார்டு பழுதானால் தாலி கட்டும் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. சொந்தமாக ஆர்டர் பிடிக்கும் முன் இரட்டைக் கார்டு போடும் கேமராவும், மாற்றுக்கு இன்னொன்றும் வேண்டும்.

வேலையும் முன்பணமும்

ராஜினாமாக் கடிதத்தை எழுதாதீர்கள். பில் போட்டு வாங்கும் வருமானம் தொடர்ந்து ஆறு மாதம் சம்பளத்தில் பாதியையாவது தொட்ட பிறகு யோசிக்கலாம். அதுவரை வெளி வேலை செய்ய உங்கள் நியமன ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட்ட பிறகு அதே துறையில் தொழில் செய்யக்கூடாது என்று தடுக்கும் நிபந்தனைகள் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும்போது போடும் தடை செல்லும். உங்கள் நிறுவனத்தின் ஆன்லைன் பிராண்டு வேலையையே அனுமதியோடு கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது. கோவையிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் உதவியாளராக நிற்கக் கேளுங்கள். நிறம் பிடித்துச் சொல்பவர் உடனிருப்பது அவருக்கும் லாபம்.

முதல் ஆர்டருக்கே கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. "இந்தப் படங்களை என் தொகுப்பில் காட்ட எனக்கு உரிமை உண்டு" என்று எழுதி வாங்காவிட்டால், உங்கள் படத்தை நீங்களே காட்ட அனுமதி கேட்க வேண்டி வரும்.

கட்டிய 5,000 ரூபாயைப் போனில் கேட்காதீர்கள். சேரவில்லை, பணத்தை 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ரசீது, விளம்பரத் தாள், "இடம் போய்விடும்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் இணையுங்கள். ரசீதில் "திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருந்தாலும் அனுப்புங்கள். அரசு அங்கீகாரம் என்று சொல்லி வாங்கிய பணம் அது. அங்கீகாரத்துக்கான ஆணை எண்ணைக் கேட்டு அதே மின்னஞ்சலில் ஒரு கேள்வி வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நிதி நிறுவனத்தின் செயலியில் ஆதார், பான் விவரம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், கடன் எதுவும் உங்கள் பெயரில் திறக்கப்படவில்லை என்பதை அந்த நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி செய்துகொண்டு, ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அது இலவசம்.